பழைய வீட்டுக்குக் குடிபோகும் முன்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பழைய வீடு வாங்கியவர்கள் சாவி கைக்கு வந்ததும் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். ஆனால் பெயின்டர் கடைசியில் வர வேண்டிய ஆள். சுவரில் தெரியும் கறை, விரிசல், உப்பு எல்லாம் கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான தடயங்கள். அவற்றின்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் கண்டுபிடிக்கும் வழியும் மூடிப்போகும். சாமான் எல்லாம் இறக்கி, அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்ட பிறகு அதே கறை திரும்ப வரும். அப்போது செய்யும் வேலைக்குச் செலவும் அலைச்சலும் அதிகம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் பாதிக் கோளாறு வெளியே தெரியாது. குழாயைத் திறக்காத வரை கசிவு தெரியாது, நாலைந்து சாதனம் ஒன்றாக ஓடாத வரை வயரிங் எப்படி என்று தெரியாது. அதனால் வேலை ஆள்களை வரச்சொல்லும் முன் இரண்டு மூன்று நாள் அந்த வீட்டை நீங்களே புழங்கிப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஓடவிடுங்கள், கழிப்பறையில் பலமுறை தண்ணீர் ஊற்றுங்கள், எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்து மூடுங்கள். கருகல் வாடையோ சூடான சுவிட்சோ இல்லை என்று உறுதியானால் மின்சாதனங்களையும் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். நல்ல மழை பெய்யும் நாளில் உள்ளே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச், ஸ்குரூடிரைவர், ரசமட்டம், தடித்த பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப், பென்சில். எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். நடுவில் தாண்டிப் போகாதீர்கள்.

அறிகுறி: சுவர் ஈரமாக இருக்கிறது, உப்பு பூக்கிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது

பழைய வீட்டில் அதிகம் பணம் வீணாவது இந்த ஒன்றில்தான். ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) என்றதும் மருந்து அடிக்க ஆள் தேடுகிறார்கள். முதலில் ஈரம் சுவரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

*தரையிலிருந்து மேலே ஏறியிருக்கிறது, சுமார் 3 அடிக்குள் நிற்கிறது*

வீட்டுக்கு வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். மண் மேடு சேர்ந்திருக்கும், அல்லது யாரோ சிமென்ட் தளம் போட்டு நடைபாதையை உயர்த்தியிருப்பார்கள். வெளி மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். மண்வெட்டி வேலையோடு முடிந்துபோகும் ஓதங்கள் நிறைய உண்டு.

அடுத்து மழைநீர்க் குழாய். அதன் வாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, நடுவில் இணைப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, ஈரம் ஏறக்குறைய ஒரே கோடாகச் சுவர் நீளத்துக்கும் இருந்தால், அஸ்திவாரத்துக்கு மேலே இருக்க வேண்டிய ஓதத் தடுப்பு அடுக்கு இல்லை அல்லது கெட்டுவிட்டது என்று சந்தேகப்படலாம். இதற்குச் சுவரில் வரிசையாகத் துளையிட்டு மருந்து ஏற்றும் முறை இருக்கிறது. அனுபவம் உள்ள ஆள் செய்ய வேண்டிய, செலவு பிடிக்கும் வேலை. முதல் இரண்டையும் சரிசெய்து சில மாதம் பார்த்த பிறகே இதற்குப் போங்கள்.

*நடுச்சுவரில் திட்டாக இருக்கிறது*

அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ சமையலறையோ இருக்கிறதா? ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஓர் ஈரத் திட்டு. முன்பு இருந்தவர்கள் வருடா வருடம் அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டியபோது பெயின்ட் ஏடு ஏடாக வந்தது, ஒவ்வோர் ஏடும் ஒரு நிறம். மறுபக்கம் குளியலறை. ஷவர் கைப்பிடிக்குப் பின்னால் இருந்த வட்ட மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், உள்ளே முழங்கை இணைப்பில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்து, சொட்டாகத் திரண்டு, சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இணைப்பை மாற்றியதும் கசிவு நின்றது. சுவர் காயத்தான் மாதங்கள் ஆயின.

*மேல்மூலையில், அலமாரி இருந்த இடத்தில், கருப்புப் பூஞ்சையாக*

இது பெரும்பாலும் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. உறுதி செய்ய, பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் சுவரில் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் படிந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறங்கள், குளியலறைக்கு எக்ஸாஸ்ட் விசிறி போடுங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேலே சொன்னவற்றுக்கோ, கூரைக் கசிவு பற்றிய தலைப்புக்கோ போங்கள்.

எந்த வகை ஓதமானாலும் சில விஷயங்களில் கவனம் வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு போடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் ஆவியாகி வெளியேறும், சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உள்பக்கம் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிப்பதும் அப்படித்தான், ஈரம் இன்னும் மேலே ஏறும் அல்லது பக்கத்துச் சுவரில் தலைகாட்டும். காரணத்தைச் சரிசெய்த பிறகு, சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 9 அங்குலச் சுவர் முழுக்கக் காயும் முன் குடிபோக வேண்டியிருந்தால், அந்தச் சுவரை மட்டும் வெறும் பூச்சோடு விட்டுவிட்டுப் போகலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

அறிகுறி: கரண்ட் அடிக்கடி டிரிப் ஆகிறது

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் துண்டிப்பு சுவிட்ச்) விழுந்தால் அந்த லைனில் லோடு அதிகம், அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பொது சுவிட்ச்) விழுந்தால் எங்கோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. இரண்டுக்கும் வழி வேறு.

*எம்.சி.பி. விழுகிறது*

அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டுப் போடுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு சாதனத்தைச் செருகும்போது மட்டும் விழுந்தால் கோளாறு அந்தச் சாதனத்தில். எதைச் சேர்த்தாலும் எண்ணிக்கை கூடியதும் விழுந்தால் லோடு அதிகம், தனி லைன் இழுக்க வேண்டும். ஒன்றுமே செருகாமல் விழுந்தால் வயரில் ஷார்ட், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று பெரிய ஆம்பியர் எம்.சி.பி. மாட்டச் சொல்லாதீர்கள். மாட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள். பழைய மெல்லிய வயர் சூடாகிப் பற்றிக்கொள்ளும் முன் துண்டிக்கத்தான் அந்த எம்.சி.பி. இருக்கிறது.

*ஆர்.சி.சி.பி. விழுகிறது*

எல்லா எம்.சி.பி.யையும் ஆஃப் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யை மட்டும் போடுங்கள். நின்றால், எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் கோளாறான லைன். அதில் வாட்டர் ஹீட்டர், மோட்டார், வெளிச்சுவர் விளக்கு ஏதாவது இருந்தால் முதல் சந்தேகம் அவற்றின்மேல். வெகுநாள் ஓடாத ஹீட்டரின் சூடேற்றும் கம்பியிலும், மழைத்தண்ணீர் இறங்கிய வெளிவிளக்கிலும் இந்தக் கசிவு சகஜம்.

எல்லா எம்.சி.பி.யும் ஆஃபில் இருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லையா? ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸ் வயரை (கரண்ட் வரும் வயர்) மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். அதனால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஆர்.சி.சி.பி.யே கெட்டிருக்கிறது. இங்கே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெகர் என்ற கருவியை வைத்து வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை அப்படியே விட முடியாது.

வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால் குடிபோகும் முன் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று கட்டாயம் போட்டுவிடுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத கணக்குதான், மாற்றுங்கள்.

அறிகுறி: விளக்கு மங்குகிறது, மினுக்குகிறது, சுவிட்ச் சூடாகிறது

மோட்டார் கிளம்பும் கணத்தில் லேசாக மங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால் பல்பு, அப்புறம் ஹோல்டர். ஓர் அறை முழுக்க மினுக்கினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

சில அறையில் விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்து, சில அறையில் மங்கினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று நிற்க வேண்டாம், சாதனங்கள் எரிந்துபோகும், தீயும் பிடிக்கலாம். சுவிட்ச் பலகை சூடாக இருந்தாலும், கருகல் வாடை வந்தாலும், சுவருக்குள் சீறும் சத்தம் கேட்டாலும் மெயின் ஆஃப்தான்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒரு சுவிட்ச் பலகையை மட்டும் கழற்றி எட்டிப் பாருங்கள். எதையும் தொடாதீர்கள், டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கையை வைக்காதீர்கள். துணி சுற்றிய வயரோ, பொடிந்து உதிரும் ரப்பர் உறையோ தெரிந்தால், அல்லது எர்த் வயரே இல்லையென்றால், வீடு முழுக்க வயரிங் மாற்றுவது பற்றி எலெக்ட்ரீஷியனிடம் பேசுங்கள். சுவரை வெட்டும் வேலை என்பதால் பூச்சுக்கும் பெயின்டுக்கும் முன்னால் இது முடிந்தாக வேண்டும்.

அறிகுறி: குழாயில் தண்ணீர் மெலிசாக வருகிறது

ஒரு குழாயில் மட்டும் என்றால் அதன் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் மணலும் துருவும் அங்கேதான் சேரும். சுடுதண்ணீரில் மட்டும் என்றால் ஹீட்டரின் வால்வு, அடுத்து உள்ளே படிந்த உப்பு. எல்லாக் குழாயிலும் என்றால் மெயின் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்தே இருந்தால், இரும்புக் குழாய் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்கும். அதற்கு மருந்து கிடையாது, குழாயை மாற்றத்தான் வேண்டும். ஒரு லைனை மட்டும் மாற்றினால் அழுத்தம் கூடி, பழைய லைனில் வேறிடத்தில் கசியத் தொடங்கும். குழாய் மாற்றுவதென்றால் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது.

*தண்ணீர் பழுப்பாக வருகிறது*

முதலில் கொஞ்ச நேரம் மட்டும் வந்து தெளிந்தால் தேங்கிய தண்ணீர், நன்றாக ஓடவிடுங்கள், தொட்டியையும் கழுவுங்கள். தினமும் காலையில் முதல் தண்ணீர் பழுப்பாகவே இருந்தால் இரும்புக் குழாய் துரு.

குழாய் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்து, காந்தம் ஒட்டாமல், சாவியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளி போலப் பளபளத்தால் அது ஈயக் குழாயாக இருக்கலாம். மிகப் பழைய வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். காய்ச்சினாலும் ஈயம் போகாது. பிளம்பரை வைத்து மாற்றிவிடுங்கள்.

*எல்லாம் மூடியும் மீட்டர் ஓடுகிறது*

எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு. முதல் குற்றவாளி கழிப்பறைத் தொட்டி. அதில் கொஞ்சம் வண்ணப்பொடி கரைத்து, அரை மணி நேரம் தண்ணீர் இறக்காமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடிவால்வு ரப்பரை மாற்றினால் போதும். தொட்டி சரியாக இருந்தால் மெயின் வால்வை மூடிவிட்டு மீண்டும் மீட்டரைப் பாருங்கள். இப்போது நின்றால் கசிவு வீட்டுக்குள், நிற்காவிட்டால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே மண்ணுக்குள். இரண்டுக்கும் பிளம்பர் வேண்டும், ஆனால் எங்கே தோண்டுவது என்பதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

அறிகுறி: குளியலறையில் சாக்கடை நாற்றம், தண்ணீர் வடிய நேரமாகிறது

நாற்றம் மட்டும் என்றால் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வடிகாலுக்குக் கீழே டிராப்பில் (வளைந்த குழாய்) நிற்கும் தண்ணீர்தான் வாயுவை மறிக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் அது வற்றிப்போயிருக்கும். மறுநாள் நாற்றம் திரும்பினால் டிராப் விரிசல் விட்டுக் கசிகிறது. ‘களக் களக்’ என்று சத்தத்தோடு தண்ணீர் இறங்கினால், மேலே போகும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. பறவைக் கூடு, சருகு எல்லாம் அதற்குள் இருக்கும்.

ஓரிடத்தில் மட்டும் அடைத்தால் அந்த டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எல்லா இடத்திலும் மெதுவாக வடிந்தால் வெளியே உள்ள சேம்பர் (சாக்கடைக் குழாய்கள் சேரும் தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே. அடைப்பெடுத்தும் மறுபடி அடைத்தால் மரவேர் உள்ளே நுழைந்திருக்கலாம், அல்லது குழாய் வாட்டம் இல்லாமல் அமிழ்ந்திருக்கலாம். கேமரா விட்டுப் பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

செப்டிக் டேங்குக்குள்ளோ ஆழமான சேம்பருக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் வாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் பல நேரம் பிழைப்பதில்லை. இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் வேலை அது.

அறிகுறி: கூரையில் கறை, சொட்டு

மழை இல்லாத நாளிலும் ஈரமா? அப்படியானால் மேலே தண்ணீர்த் தொட்டி, குழாய், மாடிக் குளியலறை. மழைக்கு மட்டும் என்றால் மேலே ஏறி வடிகால் வாயைப் பாருங்கள். சருகு அடைத்துத் தண்ணீர் தேங்குவதே பல கசிவுகளுக்குக் காரணம். அடுத்து, கூரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் விரிசல். ஓட்டுக்கூரை என்றால் நகர்ந்த, உடைந்த ஓடு.

கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் உத்திரம் வழியாகவும் கம்பி வழியாகவும் வெகுதூரம் ஓடிவந்து சொட்டும். ஹோஸ் பைப்பில், தாழ்ந்த இடத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறி, ஓரிடத்தில் இருபது நிமிடமாவது தண்ணீர் விடுங்கள். உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூரையில் தண்ணீரைக் கட்டி நிறுத்திப் பார்க்கும் சோதனை பழைய கூரைக்கு வேண்டாம். 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம்.

கூரை அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, கம்பி ஓடும் திசையில் நேர்க்கோட்டு விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தாலோ, கலவை பூசி மூடாதீர்கள். துரு ஏறிய கம்பி பருத்து, பூசியதையும் தள்ளிவிடும். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும்.

அறிகுறி: சுவரில் விரிசல்

தலைமுடி அளவு, 1 மி.மீ.க்குள், வலை போல இருந்தால் பூச்சில் மட்டும். விரலால் தட்டுங்கள். பொத்தென்று ஒலித்தால் அந்த இடத்துப் பூச்சைப் பெயர்த்துப் புதிதாகப் பூசலாம்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறதா, செங்கல் வரிசையில் படிப்படியாக இறங்குகிறதா, உள்ளும் வெளியும் ஒரே இடத்தில் தெரிகிறதா, ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்குகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சுவரே அசைந்திருக்கிறது. எப்போதோ அசைந்து நின்றுவிட்டதா, இன்னும் அசைகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, இரண்டு முனையிலும் தேதி எழுதி, அகலத்தை அளந்து குறித்துவையுங்கள். சில மாதம் பொறுத்து அளந்து பாருங்கள். நகரவில்லை என்றால் அடைத்துப் பூசலாம். நகர்ந்தால் பக்கத்தில் உடைந்த சாக்கடைக் குழாயோ பெரிய மரமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொறியாளரிடம் போங்கள். 5 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் அளந்துகொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அறிகுறி: கதவு இடிக்கிறது

கீல் திருகை முறுக்குங்கள். ஈரக்காலத்தில் மட்டும் இடித்தால் இழைக்க அவசரப்படாதீர்கள், காய்ந்ததும் இடைவெளி பெரிதாகிவிடும். நிலைக்கு மேலே சாய்ந்த விரிசலும் இருந்தால் முந்தைய தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: மரத்தில் மண் கோடு, அடியில் பொடி

மண் கோடு கரையான். அதில் ஒரு சிறு துண்டை மட்டும் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. மற்றதைக் கலைக்காமல், மண்ணுக்கே மருந்து போடும் ஆளைக் கூப்பிடுங்கள், கரையான் வரும் பாதையை அவர் பார்க்க வேண்டும். குண்டூசித் துளையும் மாவு போன்ற பொடியும் என்றால் உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. பொடியைத் துடைத்துவிட்டு, மறுபடி விழுகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஸ்குரூடிரைவரை நிலைக்காலின் அடியில் குத்திப் பாருங்கள். முனை தடுக்கி நின்றால் மரம் திடமாக இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால், மேலே பெயின்ட் மட்டும்தான் மிச்சம். கதவு நிலையில் என்றால் தச்சர் மாற்றிவிடுவார். உத்திரத்தில் இப்படி இறங்கினால் அந்த அறைக்குள் யாரையும் விடாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: பழைய பெயின்ட் ஏடு ஏடாக உரிகிறது, கூரைத் தகடு பொடிகிறது

பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். முகக்கவசம் நுண்தூசியைத் தடுக்கும் வகையாக இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடையாமல் இருந்தால் அப்படியே விடுவதே பாதுகாப்பு. அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். பொடிகிறது என்றால் அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்கள்தான் வர வேண்டும். இந்த வேலைகள் முடிந்து, தரையும் ஜன்னல் விளிம்பும் ஈரத் துணியால் இரண்டு முறை துடைக்கப்படும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டுக்குள் வரக் கூடாது. அதற்குப் பிறகு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.